புளியங்கொட்டைப் பணயம்

தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பத்தார்க்கு முதல் தீபாவளியன்று ஒரு வியப்புக் காத்திருக்கும். விடியற்காலை எண்ணெய் முழுக்கு, ‘கங்கா ஸ்நானம் ஆயிற்றா?’ என்னும் விசாரிப்பு, இலேகியம் ஆகிய யாவும் நமக்கு முடிந்து, பகலில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் அண்டை வீட்டாரின் தீபாவளி தொடங்கும். அந்தியில் இலக்குமி பூசை செய்து விளக்கேற்றியதும், முன்னறையில் வெள்ளை விரிப்பை விரித்துச் சீட்டுக் கட்டைக் கலைக்கத் தொடங்குவார்கள். ‘தீன் பத்தி’ என்னும் மூன்று சீட்டு ஆட்டம். மாமனாரும் மருமகளும் எதிரெதிரே அமர்ந்து பத்து ரூபாயும் ஐம்பது ரூபாயும் வைத்து ஆடுவர். அன்றிரவு பரமசிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடினர் என்பது அவர்கள் கூறும் காரணம்.

நம்மவர்க்குச் சீட்டு என்றாலே முகம் சுளிக்கும். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தருமரும் நளனும் நாடிழந்த கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்தப் பாட்டிமாரே வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதப் படத்தை விரித்து, விடியும்வரை சோழி உருட்டியதையும் பார்த்திருக்கிறோம். பல்லாங்குழியில் புளியங்கொட்டையைக் குவித்து, ‘பசு’ எடுத்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும் உண்டு. ஆசை, அச்சம், எக்களிப்பு எல்லாம் அவ்வாட்டங்களில் இருந்தன. வீட்டுக் காசு மட்டும் வெளியே போகவில்லை.

இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவே நாங்கள் அகப்பட்டுக்கொண்ட கதையைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல இருக்கிறோம்.

எங்கள் அரசுக் குடியிருப்பில் முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. ஆண்டுதோறும் தீபாவளியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சமூகக் கூடத்தில் கூடிச் சாப்பிடுவோம். பாட்டு உண்டு, நாடகம் என்ற பெயரில் ஏதோ ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு இளைஞர் சிலர் ஒரு புதுமை வேண்டினர். பள்ளித் தோழர்களின் வீடுகளில் சீட்டாட்டம் பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் ஆவல். ‘காசினோ இரவு’ நடத்த வேண்டும். காசு வேண்டாம், பொய்க்காசு போதும் என்றனர். திட்டம் தீட்டும் பொறுப்பு, குழுவில் அன்று வாய் திறந்து ஐயம் கேட்ட குற்றத்துக்காக, நம் தலையில் விழுந்தது. நாம் கலைப் பட்டதாரி. பிழைப்போ மைய அரசின் மொழிபெயர்ப்பு. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அப்பால் கணிதத்தோடு நமக்கு நல்லுறவு இருந்ததில்லை.

முதல் எதிர்ப்பு மூன்றாம் மாடி ஆச்சியிடமிருந்து வந்தது. “காசு இல்லையென்றால் சூது சூதல்லாமல் போய்விடுமா, தம்பி? அந்தப் பிள்ளையும் காசில்லாமல்தானே ஆரம்பித்தான்?” என்றார்.

‘அந்தப் பிள்ளை’ யார் என்பது கூட்டத்தில் இருந்த அனைவர்க்கும் தெரியும். எங்கள் குடியிருப்பிலேயே வாழும் இளநிலை எழுத்தர். கைப்பேசியில் இலவசச் சீட்டாட்டத்தில் பொழுதுபோக்கத் தொடங்கியவர், ஒன்றரை ஆண்டில் சேமநிதி முன்பணத்தையும் மனைவியின் வளையல்களையும் இழந்தார். அவர் மனைவி ஒரு பிற்பகல் எங்கள் வீட்டு வாயிலில் நின்று, பள்ளிக் கட்டணத்துக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டபோதுதான் எங்களுக்கே செய்தி தெரிந்தது. ஆச்சியின் கேள்வியை ஒதுக்கிவிட்டு மேற்செல்ல நமக்கு மனம் வரவில்லை. விடை தேடி ஒரு மாத காலம் படித்தோம்.

சூதாட்டக் கூடம் எவ்வாறு பிழைக்கிறது என்பதை ‘ரூலெட்’ சக்கரம் ஒன்றே விளக்கிவிடும். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 அறைகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, பச்சை நிறத்தில் ஒரு பூச்சியம். ஓர் எண்ணில் ஒரு காசு வைத்து வென்றால், 35 காசு பரிசும் வைத்த காசும் சேர்ந்து 36 கிடைக்கும். ஆகவே 37 எண்களிலும் ஒவ்வொரு காசு வைப்பவன் எது வந்தாலும் 37 கொடுத்து 36 பெறுவான். குறைகின்ற அந்த ஒரு காசுதான் கூடத்தின் சரவிளக்கும், ஊழியர் சம்பளமும், முதலாளியின் மாளிகையும். அமெரிக்கச் சக்கரத்தில் பூச்சியம் இரண்டாதலால் அவன் 38 கொடுத்து 36 பெறுகிறான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விதிகள் பலகையில் எழுதியே இருக்கின்றன. நூறு பேர் ஆயிரம் முறை ஆடும்போது கூடம் தோற்பது அரிது, அவ்வளவுதான்.

நம்மிடமோ சரவிளக்கும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. அந்த ஒரு காசைக் குறைக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை என்பது விளங்கியதும் நமக்கு உற்சாகம் பிறந்தது. காசில்லா ஆட்டத்தை அமைப்பவனுக்கு உள்ள பெருஞ்சுதந்திரம் அதுதான்.

சக்கரம் செய்ய ஆள் தேடினோம். தச்சர் கேட்ட கூலி, சூதில் இழப்பதைவிட அதிகமாக இருந்தது. அப்போது நம் இல்லத்தரசியார் பெட்டியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வைத்தார். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள், ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது வெறுமுகம். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம் விழ இரண்டு வழி. மூன்று விழ நான்கு வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரு கட்டையும் வெறுமுகமாய் விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழி. சிறு வயது முதல் உருட்டிய கட்டையில் இத்தகைய ஒழுங்கு அடங்கியிருக்கிறது என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் கண்டோம்.

1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் பகடையாட்டத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது என்பர். அவர்களைக் கேள்வி கேட்டுத் தூண்டியவர் சூதாட்டத்தில் ஈடுபாடுடைய ஒருவர். ஆறுமுகப் பகடையை நான்கு முறை உருட்டினால் ஓர் ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது இலாபம். இரு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டுவது நட்டம். முன்னதில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51-க்குச் சற்று மேல். பின்னதில் 49-க்குச் சற்று மேல். இந்தச் சிறு வேறுபாட்டைப் பணம் கொடுத்துத்தான் உணர வேண்டும் என்பதில்லை.

பழைய வேட்டியொன்றில் ஏழு கட்டங்கள் வரைந்தோம். தாயம் கட்டத்தில் ஒரு விதை வைத்து வென்றால் 7 விதை பரிசு. எட்டில் ஒரு முறை விழுவதற்கு அதுவே சரியான ஈடு. பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் 15. மூன்றுக்கு 3. ஐந்துக்கு 7. இரண்டும் நாலும்தான் இடக்குச் செய்தன. 16-இல் மூன்று வழி என்பதால் பரிசு நாலேகால் விதைக்குச் சற்று மேல் வர வேண்டும். புளியங்கொட்டையைப் பின்னமாக உடைப்பது எங்ஙனம்? நாலு என்று வைத்துவிட்டோம். இது பின்னால் நம்மைக் கூண்டில் ஏற்றியது.

நாணயத்துக்குப் புளியங்கொட்டையே என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. கையில் வழவழப்பாக இருக்கும். குவித்தால் அழகாக இருக்கும். தில்லியில் தமிழர் வீட்டில் கிடைப்பதற்குப் பஞ்சமும் இல்லை.

ஒத்திகை பார்த்த இரவுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. வேண்டிய மட்டும் விதையை அள்ளிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். முதல் பத்து நிமிடத்திலேயே பிள்ளைகள் கைநிறைய அள்ளிப் பன்னிரண்டில் கொட்டினர். தோற்றால் மீண்டும் அள்ளினர். வென்றவனுக்கு மகிழ்ச்சி இல்லை, தோற்றவனுக்கு வருத்தம் இல்லை. அரை மணியில் அனைவரும் எழுந்து பஜ்ஜியைத் தேடிப் போயினர். எடுக்க எடுக்கக் குறையாத பொருளைப் பணயம் என்று சொல்வதற்கில்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லலாம்: பணயம் என்ற சொல்லுக்குள் இழப்பு அடங்கியிருக்கிறது, இழக்க முடியாததைப் பணயம் வைக்க முடியாது. அதற்காக அந்த இழப்பு அரிசி வாங்கும் காசாக இருந்தாக வேண்டுமா? அளவு இருந்தால் போதும் என்று நமக்குப் பட்டது.

எனவே ஆளுக்கு 40 விதை, அதற்கு மேல் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மணியடித்தால் ஆட்டம் முடிவு. முடிவில் கையிருப்பைக் கரும்பலகையில் எழுதுவது என்று வகுத்தோம். மறுநாள் ஒத்திகையில் அதே பிள்ளைகள் ஒரு விதையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று புருவத்தை நெரித்ததைக் காணவேண்டும்.

நாற்பதையும் இழந்தவன் என்ன செய்வான்? உண்மைக் கூடத்தில் அவன் வீட்டுக்குப் போவான். அல்லது கடன் கேட்பான். கைப்பேசி ஆட்டங்களில், ‘இன்னும் வேண்டுமா? விலைக்கு வாங்கு’ என்று ஒரு கட்டம் தோன்றும். இந்தக் கேள்வியில்தான் ஆச்சி நமக்கு உதவினார். “என்னிடம் அனுப்பு, ஒரு விடுகதைக்கு விடை சொன்னால் ஐந்து விதை தருகிறேன்” என்றார். எதிர்ப்பாளரே வங்கியாகிவிட்டார்! தில்லியில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், ஆனால் விடுகதையில் திணறுவார்கள். அன்றிரவு ஆச்சியின் நாற்காலியைச் சுற்றி நின்ற வரிசை ஆட்ட விரிப்பைச் சுற்றி நின்றதைவிட நீளமாகிவிட்டது. சிலர் விதைகளை வேண்டுமென்றே தோற்றுவிட்டு வந்தனர் என்றும் ஐயுறுகிறோம்.

இனி மணி பற்றி ஒரு சொல். ஒவ்வொரு வீச்சுக்கும் பரிசு வழங்கும்போது மணியடிக்க வேண்டும் என்று இளைஞர் ஒருவர் யோசனை கூறினார். கூட்டம் களைகட்டும் என்றார். அவர் கூறியதில் தவறில்லை. தவறு எங்கே இருக்கிறது என்பதை நாம் படித்ததிலிருந்து அறிந்திருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் மூன்று சக்கரங்கள் சுழலும் காசு யந்திரத்தைச் செய்தார். அதில் படங்கள் சிலவே. எது எத்தனை முறை வரும் என்பதைப் பொறுமைசாலி ஒருவன் எண்ணிவிட முடியும். 1984-இல் இங்கே டெல்நேஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறையிலோ, சக்கரத்தின் நிறுத்தத்தை யந்திரத்தின் உள்ளேயிருக்கும் எண்களே முடிவு செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் படங்கள் சில. மறைந்திருக்கும் எண்கள் பல. பெரும்பரிசுப் படத்துக்கு ஓர் எண்ணும், அதற்கு அடுத்த வெற்றிடத்துக்குப் பல எண்களும் ஒதுக்கிவிட்டால், ஆடுபவனுக்கு ‘மயிரிழையில் தவறியது’ என்றே மீண்டும் மீண்டும் தோன்றும். இன்னொரு தந்திரமும் உண்டு. பத்துக் காசு கட்டியவனுக்கு மூன்று காசு திரும்பினாலும் இசை முழங்கும், விளக்கு மின்னும். ஏழு காசு இழந்தவன் வென்றதாக நம்பிப் புன்னகைப்பான்.

ஆகவே மணி, விரிப்பில் வைத்ததைக் காட்டிலும் அதிகம் பெற்றவனுக்கு மட்டுமே என்று விதி செய்தோம். மூன்று கட்டங்களில் வைத்து ஒன்றில் வென்றவன், தன் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்து, ‘மணி எனக்கு உண்டு’ என்று கூற வேண்டும். ஏழு கட்டங்களின் வழிகளையும் பரிசுகளையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

ஆச்சியின் கேள்விக்கு வருவோம். அவர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இணையச் சூதாட்டத் தளங்களில் பழகிப் பார்ப்பதற்கென வைத்திருந்த இலவச ஆட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் கணிசமானவை, கட்டியதைவிட அதிகமாகவே திருப்பித் தந்தன. காசு கட்டும் ஆட்டத்துக்கு மாறியதும் அந்தத் தாராளம் மறைந்தது. இலவசம் அங்கே தூண்டிற்புழு. காசாக மாற்ற இயலாத வெறும் பொய்ச் சில்லுகளை விலைக்கு விற்கும் ஆட்டங்களும் உள. 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் ஒன்று, வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அத்தகைய சில்லும் மதிப்புடைய பொருளே எனத் தீர்ப்பளித்தது. ஆட்டத்தை நீட்டிக்கப் பயன்படுவதால் அதற்கு மதிப்புண்டு என்பது அம்மன்றம் கூறிய காரணம். புளியங்கொட்டையை நாங்கள் விற்றிருந்தால் எங்கள் நிலையும் அதுவாகியிருக்கும்.

நம் நாட்டில் 1867-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றது. அந்தத் திறமை என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டே கைப்பேசி ஆட்டங்கள் பின்னாளில் வளர்ந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேறு கோடு கிழித்தது. இணையத்தில் காசு கட்டி, காசை எதிர்பார்த்து ஆடுவது திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் தடை. பணயம் இல்லாத சமூக ஆட்டங்களுக்கு இடம் உண்டு. நமக்கு இக்கோடே இயல்பாகத் தோன்றுகிறது. தமிழில் விளையாட்டு வேறு, சூது வேறு. ‘சூது’ என்றால் வஞ்சகம் என்றும் பொருள் கொள்ளும் மொழியாயிற்றே நம்முடையது.

அந்த இளநிலை எழுத்தர் கூட்டத்துக்கு வருவாரா என்பதுதான் எஞ்சிய கவலை. அழைக்காமல் விட்டால் அவமதிப்பு, அழைத்தால் கொடுமை. இரு நாள் தயங்கி, அலுவலகப் பேருந்தில் அவர் அருகே அமர்ந்தபோது பேச்சை எடுத்தோம். அவரே முந்திக்கொண்டார். “சார், விதையானாலும் என்னால் அந்த விரிப்பின் பக்கம் நிற்க முடியாது. கட்டை உருளும் சத்தமே போதும். வராமல் இருந்துவிடுகிறேனே” என்றார். காசில்லாத ஆட்டம் எல்லார்க்கும் தீங்கற்றது என்று அதுவரை நாம் எழுதி வைத்திருந்த குறிப்பை அன்றிரவே அடித்துவிட்டோம். காலில் முறிவு கண்டவனிடம் தரை சமதளம் என்று சொல்லிப் பயன் இல்லை. கூடத்தின் பின்கட்டில், கதவுக்கு அப்பால், 120 பேருக்குக் காப்பி போடும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை, அவரே கேட்டுப் பெற்றார். அவர் மனைவி விரிப்பின் பக்கம் வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குத் திரும்பினார். அதைக் கண்டபின் சிறிது நேரம் ஆட்டத்தில் நமக்கு மனம் செல்லவில்லை.

ஆட்டம் நடந்தேறியது. ஒரு கட்டத்தில் தொடர்ந்து இருபது வீச்சுக்குத் தாயம் விழவேயில்லை. ‘இனி விழுந்தே தீரும்’ என்று ஆளுக்கு ஆள் தாயத்தில் குவித்தனர். 1913 ஆகஸ்டு 18-ஆம் நாள் மான்டி கார்லோவில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்ததாம்; இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெருந்தொகை இழந்தனர். பித்தளைக் கட்டைக்கும் முந்தைய வீச்சு நினைவில் இராது. இருபது வீச்சுக்குத் தாயம் விழாமலிருப்பது நூற்றுக்கு ஏழு முறை நிகழக்கூடியதே. இருபத்தொன்றாவது வீச்சில் மூன்று விழுந்தது. எழுந்த கூச்சலில் கூடத்துக் காவலர் எட்டிப் பார்த்தார். கையிருந்த விதை அத்தனையும் இழந்த ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி, விடுகதைக்கு விடை சொல்ல ஆச்சியின் முன் வரிசையில் போய் நின்றார். வயது எழுபத்திரண்டு.

கரும்பலகையில் முதலிடம் பெற்றவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். எப்படி வென்றாய் என்று கேட்டோம். “அங்கிள், மற்றக் கட்டங்களில் வங்கிக்கும் நமக்கும் சமம். இரண்டிலும் நாலிலும் மட்டும் பதினாறு விதை கொடுத்தால் பதினைந்துதான் திரும்புகிறது. அதனால் அந்த இரண்டையும் தொடவில்லை. மிச்சம் அதிர்ஷ்டம்” என்றான். சுவரில் ஒட்டியிருந்த தாளை உண்மையில் படித்தவன் அவன் ஒருவனே போலும். நாம் மறைத்து வைத்த சூதல்ல அது. ஆயினும் பத்துப் பேர் நடுவே நமக்கு முகம் சிவந்தது.

மறுவாரம் அவன் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டிலும் நாலிலும் மும்மூன்று விதையாகத்தான் வைக்க வேண்டும். வென்றால் 13 விதை பரிசு. அப்போது பதினாறு வீச்சில் 48 வைத்து 48 திரும்பும். கூட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது. அடுத்த தீபாவளிக்கு வேட்டியில் அந்த இரு கட்டங்களை அழித்து எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆச்சி இப்போதே புதிய விடுகதைகளைச் சேர்த்து வருகிறார். பழையவற்றுக்குப் பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிட்டார்களாம்.